நாலாவது பெட்டி

புஷ்பவல்லிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, விரல் பேசும். கீபோர்டை அவள் படபடவென்று அடிக்கிற சத்தத்தை வைத்தே அவள் எந்த மூடில் இருக்கிறாள் என்று பக்கத்து மேசைத் தம்புசாமி சொல்லிவிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

காரணம், ஒரு சிவப்புப் புள்ளி.

அது 1999ஆம் வருஷம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மாடியில் அவர்களுடைய ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரே ஒரு போன் லைன். யாராவது போனை எடுத்தால் இண்டர்நெட் அறுந்துவிடும். இண்டர்நெட் ஓடினால் போன் அடிக்காது. அங்கே உட்கார்ந்துகொண்டு, மலேசியத் தமிழர்களுக்கு இண்டர்நெட்டிலேயே வரன் பார்த்துக் கொடுக்கும் தளம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டியது யார் என்று நியாயமாகக் கேட்டால் புஷ்பவல்லிதான். ப்ரோகிராம் எழுதியது, படிவத்தை அமைத்தது, தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் குப்பையாகத் தெரியாமல் எழுத்தாகத் தெரிய வைத்தது, எல்லாம் அவள். இரண்டு வருஷ உழைப்பு. முன்பு சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்த தம்புசாமி படங்களையும் நிறங்களையும் பார்த்துக்கொண்டார். முதலாளி தியாகராஜன் காசு போட்டார், கனவு கண்டார், மிச்ச நேரத்தில் கார் நிறுத்த இடம் தேடினார்.

தியாகராஜன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தவர், குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் பலகாரம் அனுப்புவார். கெட்டவராக இருந்திருந்தால் சுலபம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வேறு வேலை தேடியிருக்கலாம்.

“புஷ்பா, அந்த நாலாவது பெட்டிக்கும் ரெட் டாட் போட்டுருங்க” என்றார் அவர், ஏதோ ஜன்னலைச் சாத்தச் சொல்வதுபோல.

படிவத்தில் முப்பத்தொரு பெட்டிகள். பெயர், பிறந்த தேதி, படிப்பு; நாலாவதாக ஜாதி. பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் அதை நிரப்பியே தீரவேண்டும், இல்லையென்றால் கம்ப்யூட்டர் உள்ளே விடாது. அந்தப் பெட்டியே வேண்டாம் என்று புஷ்பவல்லி முன்பு ஒரு மாதம் சண்டை போட்டிருந்தாள். கடைசியில், இருந்துவிட்டுப் போகட்டும், புள்ளி மட்டும் வேண்டாம், இஷ்டப்பட்டவர்கள் நிரப்பட்டும் என்று பேசி முடித்திருந்தார்கள்.

“ஆப்ஷனல்னு சொன்னீங்களே பாஸ்.”

“சொன்னேன் லா. கஸ்டமர் கேக்கறாங்களே, நான் என்ன செய்ய?”

“எந்தக் கஸ்டமர்? நம்ம இன்னும் கடையே திறக்கல.”

தம்புசாமி சிரிப்பை அடக்க மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

“சரி, காலியா விட்டவங்கள யாருக்குக் காட்டுவீங்க? சொல்லுங்க” என்றார் தியாகராஜன்.

“எல்லாருக்கும் காட்டுவேன். அப்படித்தான் எழுதிருக்கேன்.”

“அதான் புஷ்பா பிரச்சினையே.”

“என்ன பிரச்சினை? அடையாள கார்டு ஐ.சி.ல இது இருக்கா? கார் லைசென்ஸ் எடுக்கப் போனா கேக்கறாங்களா? ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்தறப்ப கேக்கறாங்களா? இந்த நாட்டுல எந்த ஃபாரத்துலயும் இல்லாதது நம்ம ஃபாரத்துல மட்டும் எதுக்கு?”

“ரத்தம் வேற, கல்யாணம் வேற. ஞாயித்துக்கிழமை லாஞ்ச். அதுக்குள்ள போட்டுருங்க, ப்ளீஸ்.” அந்த ப்ளீஸ்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்கலாம். மாட்டேன் என்று அவள் எழுந்து போனால் வேறு ஒருவன் வந்து அரை மணி நேரத்தில் போட்டுவிட்டுப் போவான். புள்ளி இருக்கும், அவள் இருக்கமாட்டாள். உள்ளே இருந்தால்தானே பேசவாவது முடியும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை.

புதன்கிழமை மத்தியானம் தியாகராஜனின் தாயார் அலமேலு ஆச்சி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் கோடு போட்ட இரண்டு தாள். முப்பது வருஷமாகச் சொந்தபந்தத்தில் கல்யாணம் பேசி வைத்தவர் அவர். அவர் சேர்த்து வைத்த ஜோடிகள் ஈப்போவிலும் பினாங்கிலும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். நாலாவது பெட்டியை அமுக்கினால் கீழே விரிய வேண்டிய பட்டியல் அந்தத் தாளில் இருந்தது. இருபத்தேழு பெயர்கள். அவற்றை இங்கே எழுத மனமில்லை; அவள் அடித்ததே போதும். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில், ‘மற்றவை’.

புஷ்பவல்லி அடித்துக்கொண்டிருக்கும்போது ஆச்சி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உனக்கு எந்த ஊருத்தா?”

“கிள்ளான் ஆச்சி.”

“அது தெரியுமே. அப்பச்சிக்கு எந்தப் பக்கம்?”

“அப்பா பொறந்தது காப்பார் எஸ்டேட்டு.”

“அதுக்கு முந்தி?”

“கப்பல்.”

ஆச்சி அசரவில்லை. “குலதெய்வம் எங்க இருக்கு?”

“வீட்டுப் பக்கத்துல மாரியம்மன் கோயில் இருக்கு ஆச்சி. வெள்ளிக்கிழமை போவோம்.”

ஆச்சி சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவினார், அதோடு விட்டுவிட்டார். கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, கேள்வியைக் கேட்கவில்லை. நம் ஆட்களின் வழக்கம் அதுதான். ஊரைக் கேட்பார்கள், தாத்தா பெயரைக் கேட்பார்கள், சாமியைக் கேட்பார்கள், வீட்டில் கவிச்சி உண்டா என்று கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். கேட்டால் மரியாதை இல்லையாம்! மரியாதையாக வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் எடை போட்டுப் பார்த்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கம்ப்யூட்டருக்கு அந்த நாசூக்கு கிடையாது. வியாழக்கிழமை சோதித்துப் பார்க்க ஒருவருடைய விவரம் வேண்டியிருந்தது. புஷ்பவல்லி தன்னுடையதையே அடித்தாள். இருபத்தெட்டு வயது, பட்டதாரி, கிள்ளான். நாலாவதைத் தாண்டி மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். திரையில் சிவப்பில் வந்தது: ‘இந்தப் பெட்டியை நிரப்பாமல் மேலே போக முடியாது.’

அவளே எழுதி வைத்த வாக்கியம் அது. இன்னொரு தடவை அமுக்கினாள். முடியாது என்றது. பட்டியலைத் திறந்து இருபத்தேழையும் மேலிருந்து கீழே பார்த்தாள். எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியாது; வீட்டில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

“சும்மா ஏதாச்சும் ஒன்ன அமுக்கு. டெஸ்ட்தானே” என்றார் தம்புசாமி.

அமுக்கக் கை வரவில்லை. இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டு வாசலில் அவளையே நிற்க வைத்து, நீ யார் என்று கேட்கிறதே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

அன்று சாயங்காலம் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கேட்டாள்.

“அப்பா, நம்ம என்ன ஜாதி?”

போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற கன்னையா டி.வி.யை அணைத்தார். சமையற்கட்டிலிருந்து அம்மா தங்கமணி கரண்டியோடு வெளியே வந்தாள்.

“யாரு கேட்டா?”

“கம்ப்யூட்டர் கேக்குது.”

“ஏன், கம்ப்யூட்டருக்குப் பொண்ணு பாக்கறாங்களா?” என்றாள் அம்மா. பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “உங்கப்பா ஒன்னு, நான் ஒன்னு. போதுமா?”

அவ்வளவுதான் அவர்கள் சொல்லியிருப்பார்கள், புஷ்பவல்லி விடவில்லை. அப்போதுதான் வந்தது கதை. இருவரும் ஒரே எஸ்டேட், ஒரே வரிசையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். அறுபத்தொன்பதில் கோயிலில் தாலி கட்டியபோது இரண்டு வீட்டிலிருந்தும் ஒரு ஈ காக்காய் வரவில்லை. வந்தது தங்கமணியின் அண்ணன் மட்டும், கையில் பாராங் கத்தியோடு. கட்டிய துணியோடு ரப்பர் பால் லோரியில் ஏறிக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார்கள்.

“லோரியிலயே பேசிக்கிட்டோம்” என்றாள் தங்கமணி. “நம்ம வீட்டுல அந்தப் பேச்சு கிடையாதுன்னு. ஒரு பக்கத்தோட பேர சொன்னா இன்னொரு பக்கம் தோத்துப்போன மாதிரி ஆயிடும். பொறக்குற புள்ள எதுக்கு ஒரு பக்கம் நிக்கணும்?”

கன்னையா அதிகம் பேசாதவர். “உன்னோட மிஷினு அப்பவே இருந்திருந்தா நீ பொறந்திருக்க மாட்ட” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்தபோது வெட்கம் போயிருந்தது, ஆத்திரம் மட்டும் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை தியாகராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அப்பா அம்மா கதை உட்பட. வெளியாளிடம் அதைச் சொல்வது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. அவர் முழுவதும் கேட்டார். முகம் வாடித்தான் போனது.

“எனக்கு அதுல நம்பிக்கை இருக்குன்னு நினைக்காதீங்க புஷ்பா. ஆனா உங்கள மாதிரி கேஸ் எத்தன இருக்கும்? அவங்களுக்காகத்தானே ‘மற்றவை’ வெச்சிருக்கோம்.”

“கேஸா?”

“தப்பா எடுத்துக்காதீங்க. லாஞ்ச் முடியட்டும். உக்காந்து பேசுவோம்.”

நல்லவர்கள் எப்போதும் அப்புறம்தான் பேசுவார்கள். அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். தம்புசாமி எதிர்பார்த்த கீபோர்டு சத்தம் அன்று வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம். முந்நூறு நாற்காலி போட்டு, போதாமல் பின்னால் நின்றார்கள். வடை, கேசரி, நாதஸ்வர கேசட். அந்தக் காலத்து இண்டர்நெட்டை நம்பி மேடை ஏற முடியாது. அதனால் தளம் முழுவதையும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி, கம்ப்யூட்டரையும் மேடைக்குக் கொண்டுவந்து, புரொஜெக்டர் வைத்து ஆளுயரத் திரையில் காட்டினார்கள். அதில் இருப்பது அப்படியே திங்கட்கிழமை காலையில் ஊர் உலகத்துக்குப் போகும். கீபோர்டில் புஷ்பவல்லி. மைக்கில் தியாகராஜன். முன்வரிசையில் பட்டுப்புடவையில் அலமேலு ஆச்சி.

“பொய் விவரம், அரைகுறை விவரம் எதுவும் உள்ள வராது” என்று தியாகராஜன் பெருமையாகச் சொன்னார். “அவ்வளவு ஸ்ட்ரிக்ட். நேர்லயே காட்டுறேன். யாராச்சும் வாங்க. உங்க பிள்ளைதான் நம்ம முதல் பதிவு!”

நடுவரிசையிலிருந்து ஓர் அம்மாள் கை தூக்கினாள். பெயர் பவுனம்மாள், காஜாங், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. மகன் பெட்டாலிங் ஜெயா பேக்டரியில் டெக்னீஷியன், முப்பத்தொரு வயது. மேடை ஏறி, மைக்கைக் கண்டதும் கொஞ்சமும் கூச்சப்படாமல் பிடித்துக்கொண்டாள். மகனின் பெயர் பக்கிரிசாமி என்றாள், பிறந்த தேதி சொன்னாள், படிப்பு சொன்னாள். அவள் சொல்லச் சொல்லப் புஷ்பவல்லி அடித்தாள். பெரிய திரையில் எழுத்துகள் ஏறின, கூட்டம் கை தட்டியது.

நாலாவது பெட்டி வந்தது. சிவப்புப் புள்ளி அந்தத் திரையில் தேங்காய் அளவுக்குத் தெரிந்தது. மண்டபத்தில் கைதட்டல் மெல்ல அடங்கியது.

“இது வேணாம் தங்கச்சி. அடுத்ததுக்குப் போ” என்றாள் பவுனம்மாள், சாதாரணமாக.

புஷ்பவல்லி அடுத்ததுக்குப் போனாள். முப்பத்தொன்றாவது பெட்டி வரைக்கும் போய்ப் பொத்தானை அமுக்கினாள். இத்தனை பேர் பார்க்க, திரை முழுக்கச் சிவப்பில் விழுந்தது: ‘இந்தப் பெட்டியை நிரப்பாமல் மேலே போக முடியாது.’

வாய்க்குள் வைத்துக்கொண்டு சுற்றிவளைத்துக் கேட்கிற கேள்வியை, இப்படிச் சுவர் அளவுக்கு எழுதி ஓர் அம்மாளின் தலைக்கு மேலே மாட்டினால் எப்படி இருக்கும் என்று தியாகராஜன் யோசித்தே பார்க்கவில்லை. ஆபீஸில் அது கையளவுதான் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் தன் வீட்டில் ஒரு கல்யாணமும் செய்யாதவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆச்சி கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

தியாகராஜன் மைக்கை ஒதுக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: “ஆன்டி, ‘மற்றவை’ன்னு போட்டுக்கலாம். ஒன்னும் பிரச்சினை இல்ல.”

பவுனம்மாள் மைக்கை ஒதுக்கவில்லை.

“நாங்க யாருக்கும் மத்தவங்க இல்ல தம்பி” என்றாள். “இருவத்தாறு வருஷம் உங்க எல்லாரோட படுக்கை விரிப்பையும் துவைச்சவ நான். ரத்தம், சீழு எல்லாம் பாத்தாச்சு. எதுலயும் பேரு எழுதியிருக்கல.”

பின்னால் நின்றவர்களில் யாரோ ஒருவன் விசிலடித்தான். புஷ்பவல்லி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் ஒரு படி மேலே நின்றது. படிவத்தைச் சுருக்கினாள். புரொஜெக்டரை அணைக்கவில்லை. ப்ரோகிராம் எழுதிய பக்கத்தைத் திறந்தாள். ஆளுயரத் திரையில் வரி வரியாக ஆங்கிலம் ஓடியது. யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, நடுவில் ஆங்கில எழுத்தில் ‘ஜாதி’ என்று இருந்த ஒரே வார்த்தையைத் தவிர. அந்த இடத்தில் நிறுத்தினாள். அந்தப் பெட்டியை நிரப்பியே தீரவேண்டும் என்று கட்டளையிட்ட நாலு வரியையும் கறுப்பாகத் தேர்ந்தெடுத்தாள், எல்லாரும் பார்க்க ஒரு நிமிஷம் அப்படியே வைத்தாள், பிறகு அழித்தாள். அழித்ததைச் சேமித்தாள்.

“புஷ்பா, திருப்பிப் போடுங்க!” என்றார் தியாகராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு. மைக் கையில் இருந்ததை மறந்துவிட்டார். முந்நூறு பேருக்கும் கேட்டது.

புஷ்பவல்லி எழுந்து நின்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

“நான் போட மாட்டேன் பாஸ். நாளைக்கு வேலைக்கு வராதேன்னு சொல்லுங்க, வரல. ஆனா அந்த நாலு வரிய இனிமே என் கையால அடிக்க மாட்டேன். வேணும்னா நீங்க அடிங்க. இந்தாங்க நாற்காலி. நாளைக்கு ஆபீஸ் கதவ சாத்திட்டு அடிக்காதீங்க, இப்ப அடிங்க. இந்த ஆன்டி முகத்தப் பாத்து, எல்லாரும் பாக்க, நீ என்ன ஜாதின்னு கேட்டு அடிங்க.”

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

தியாகராஜன் உட்கார்ந்தார். அழித்த இடத்தில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டுக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு ப்ரோகிராம் தெரியும். ஆஸ்திரேலியாவில் படித்தது அதுதான். கீபோர்டில் கை வைத்தார். ஒரே ஓர் எழுத்து அடித்தார். திரையில் ஆங்கில ஜெ தனியாக நின்றது. அவர் திரும்பிப் பவுனம்மாளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்வரிசையில் தன் தாயைப் பார்த்தார். ஆச்சி ‘போடு’ என்றும் சொல்லவில்லை, ‘போடாதே’ என்றும் சொல்லவில்லை. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். முந்நூறு பேரில் ஒருவர்கூட, அட, அந்தப் பட்டியலில் தன் பெயரை முதலில் தேடக்கூடியவர்கூட, போடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த ஜெ அழிந்தது. தியாகராஜன் எழுந்து, மேடை ஓரத்துக்குப் போய், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

“என்னம்மா, என் மவன் பேரு ஏறிச்சா இல்லையா?” என்று கேட்டாள் பவுனம்மாள்.

புஷ்பவல்லி உட்கார்ந்து படிவத்தைத் திறந்து பொத்தானை அமுக்கினாள். ‘பதிவு முடிந்தது’ என்று வந்தது. நாலாவது பெட்டி காலியாகவே இருந்தது.

“ஏறிடுச்சு ஆன்டி” என்றாள். கூட்டத்தைப் பார்த்து, “அடுத்து யாரு? வாங்க.”

நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குடும்பம் எழுந்தது, சுவரோரம் நின்ற இரண்டு பேர் நகர்ந்தார்கள், அப்புறம் மேடைப் படி வரைக்கும் ஆள் நின்றது. வரிசையில் முதலில் நின்றவர், கூச்சத்தோடு, எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டார்.

“பேரச் சொல்லுங்கண்ணே” என்றாள் புஷ்பவல்லி. “பேரு போதும்.”